கேட்பாரற்றுக் கிடந்த கல்

ஆற்றோரப் பாதையில் வேடிக்கைக்காக நடக்க ஆட்கள் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதுவரைக்கும் எங்கள் தெருவில் யாரும் சும்மா நடந்ததில்லை. நடந்தால் தலையில் ஏதாவது இருக்கும். விறகோ, புல்லுக்கட்டோ, சந்தைக்குப் போகிற கூடையோ, சந்தையிலிருந்து வருகிற உப்போ. தலையில் ஒன்றும் இல்லாமல், கையில் ஒரு பிரம்பை வைத்துக்கொண்டு, வெயிலில் ஐந்தாறு மைல் நடந்துவிட்டு, அது நன்றாக இருக்கிறது என்று சொல்லுகிற மனுஷர்களை அப்போதுதான் பார்த்தேன். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இப்போது அந்தப் பாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இடிந்த கோவிலைச் சொல்கிறார்கள், சமணச் சாமியார்கள் படுக்கப் பாறையில் வெட்டின படுக்கையைச் சொல்கிறார்கள், பொட்டலில் புதைந்து கிடக்கிற தாழிகளைச் சொல்கிறார்கள். அதே பாதையில் என் அக்காவின் கல் இருந்தது. அதை ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன். நயமாகச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் ஊர் வெள்ளாற்றுக்குத் தென்கரையில். ஆறு என்று பேர்தான், வருஷத்தில் பத்து மாதம் மணல். ஊரிலிருந்து புதுக்கோட்டைச் சந்தைக்கு ஆற்றோரமாகவே ஒரு ஒற்றையடிப் பாதை போகும். முதலில் பனங்காடு. அப்புறம் தாழிப் பொட்டல்; அங்கே கால் வைத்தால் சில இடத்தில் பானை வாய் தட்டுப்படும். அதைத் தாண்டினால் கூரை விழுந்த சிவன் கோவில். அதற்கப்புறம்தான் ஆற்றைக் கடந்து மேட்டில் ஏற வேண்டும்; படுக்கைப் பாறை அதற்கும் அந்தப் பக்கம். அந்த மேடுதான் கொலை மேடு. மணலில் புதைந்து புதைந்து வந்த காலுக்கு அந்த ஏற்றம் உயிரை வாங்கும். விறகுக் கட்டோடு ஏறினவளுக்குத்தான் அது தெரியும்.

தலைச்சுமையைப் பற்றிப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. சுமப்பது பெரிய காரியமில்லை. இறக்குவதும் ஏற்றுவதும்தான் காரியம். தனியாக வருகிறவள் கட்டைக் கீழே போட்டுவிட்டால் திரும்ப அதைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் நெஞ்சு வெடித்தாலும் போடமாட்டாள். கழுத்து உயரத்தில் ஒரு கல் இருந்தால், அதில் கட்டைச் சரித்து வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிறகு குனிந்து, சும்மாட்டைச் சரி பண்ணி, தானாகவே தலையை உள்ளே கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். சுமைதாங்கி அதற்குத்தான்.

என் அக்காவுக்கு அப்போது எட்டாம் மாதம். எட்டாம் மாதத்தில் எதற்கு விறகு தூக்கினாள் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் பிறந்திருக்க மாட்டார்கள். கூட வருகிற மதினிக்கு அன்று காய்ச்சல். நான் அறுப்புக்குப் போயிருந்தேன். அக்கா தனியாகப் போனாள். ஆற்றில் இறங்கும்போதே வலி வந்திருக்க வேண்டும். கட்டைப் போடவில்லை. கட்டோடு மணலில் உட்கார்ந்திருக்கிறாள். உப்பு வண்டிக்காரர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். அன்று சாயங்காலமே போய்விட்டாள். பிள்ளையும் உள்ளேயே போய்விட்டது. அவள் புருஷன் மூன்றாம் மாதம் வேறு ஒருத்தியைக் கட்டினான். அது தனிக் கோபம், அதை இங்கே எழுதவில்லை.

பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் இறக்காமல் போன சுமையை ஊரார் அந்தக் கல்லில் இறக்கி வைப்பார்கள், அவளுக்கும் பாரம் குறையும். இதை நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் செய்யாமல் இருக்க முடியாது. இந்தப் பக்கத்தில் நிற்கிற சுமைதாங்கி எல்லாம் அப்படி வந்ததுதான்.

வசதியானவர்கள் கல்லில் செத்தவள் பேரைக் கொத்துவார்கள். எங்களுக்கு ஆசாரி வைக்க வழியில்லை. என் அப்பா என்ன செய்தார் என்றால், இடிந்த கோவிலுக்கு வெளியே முள்ளுக்குள் விழுந்து கிடந்த கற்களில் ஒன்றைப் பார்த்து எடுத்தார். நீளமான கல். ஒரு பக்கம் முழுக்கப் பழைய எழுத்து. வேறு வெறுங்கல்லும் அங்கே கிடந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"எதுக்குப்பா எழுத்துக் கல்லு? கனமா இருக்கே" என்று கேட்டேன்.

"புள்ள பேரு எழுத நமக்கு வக்கில்ல. சாமி கோவில் எழுத்தாச்சும் இருக்கட்டும். வெறுங்கல்லுல எப்புடித்தா விடுறது அவளை?"

அதுதான் அவர் செய்த தப்பு. எழுத்து இருந்தால் மரியாதை என்று நினைத்தார். எழுத்தே இல்லாத வெறுங்கல்லை எடுத்திருந்தால் ஒரு நாயும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்காது.

எட்டுப் பேர் சேர்ந்து அதை ஆற்று மேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனோம். இரண்டு குத்துக்கல் நட்டு, என் ஆத்தாவைப் பக்கத்தில் நிறுத்தி, கல் அவள் கழுத்து அளவுக்கு நிற்கிற மாதிரி குழியைச் சரிபண்ணினோம். எழுத்துக் கல்லைக் குறுக்கே போட்டோம். முதல் சுமையை ஆத்தாதான் வைத்தாள். ஒரு சின்ன விறகுக் கட்டு. வைத்துவிட்டு அழவில்லை. கல்லைக் கையால் ஒரு தடவை தடவினாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மேட்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அவள் பேரைச் சொல்லித்தான் இடம் சொல்வார்கள். "இன்னாள் கல்லுக்கிட்ட நில்லு, வாரேன்" என்பார்கள். செத்தவள் பேரை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் கல்லெழுத்து ஆபீசர் வந்தார்.

அவர் எந்த ஆபீசைச் சேர்ந்தவர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தொப்பி, பூட்ஸ், கழுத்தில் ஒரு தோல் பை. பழைய எழுத்து எங்கே இருந்தாலும் மாவைத் தடவிப் பார்ப்பார், காகிதத்தை ஈரம்பண்ணி ஒட்டி அடிப்பார். அதனால் அந்தப் பேர். அவருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. ஆற்றோரமாகப் பழைய இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு நடைபாதை பண்ணவேண்டும். தாழிப் பொட்டலில் ஒரு பலகை, கோவிலில் ஒரு பலகை, படுக்கைப் பாறையில் ஒரு பலகை. விருந்தாளிகள் காலையில் இறங்கி நடந்தால் மத்தியானத்துக்குள் ஆயிரம் வருஷத்தையும் பார்த்துவிடலாம். இதை அவரே அம்பலக்காரரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் நின்றேன். அம்பலக்காரர் என்றால் எங்கள் ஊர்ப் பெரியதனக்காரர். ஆபீசர் என்ன சொன்னாலும் அவர் தலை ஆடும்.

பாதை ஏற்கெனவே இருக்கிறதே, நாங்கள் தினமும் நடக்கிறோமே என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கால் போட்ட பாதை அவருக்குக் கண்ணில் படவில்லை. எங்கள் கல்தான் கண்ணில் பட்டது.

மேட்டில் ஏறி வந்தவர் கல்லைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஓடினார். மதினி அப்போதுதான் விறகை அதில் சாய்த்திருந்தாள்.

"எடு எடு, எடும்மா கட்டை! எதுமேல வச்சிருக்கேன்னு தெரியுதா ஒனக்கு?"

"தெரியும் எசமான். என் நாத்தனா கல்லு" என்றாள் மதினி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. எழுத்தைத் தடவித் தடவி வாய்க்குள் படித்தார். பிறகு அம்பலக்காரரிடம் விளக்கினார். யாரோ ஒரு வியாபாரி, கோவிலில் விளக்கு எரிய ஆடு கொடுத்திருக்கிறானாம். சந்திரனும் சூரியனும் உள்ளவரைக்கும் எரிய வேண்டுமாம். "எப்பேர்ப்பட்ட கல்லு! இந்த ஜனங்க விறகப் போட்டுத் தேச்சு வச்சிருக்கு" என்றார். எனக்குச் சுள்ளென்றது. விளக்கு எரிந்ததா? கோவிலுக்குக் கூரையே இல்லை. ஆடு கொடுத்தவனுடைய விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது. எங்கள் கல்லில் தினமும் சுமை இறங்குகிறது. இரண்டில் எது உயிரோடு இருக்கிறது?

இதை அப்போது நான் கேட்கவில்லை. நான் கேட்டது வேறு.

"எசமான், இது எங்க அக்காவுக்குப் போட்ட சுமைதாங்கி. எடுக்கக்கூடாதுங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற முகம்.

"ஒங்க அக்காவோடதுன்னு இதுல எழுத்து இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப எப்படிச் சொல்றே?"

"எழுத்து இல்லாட்டி செத்தது இல்லைன்னு ஆயிருமா?"

அம்பலக்காரர் பாய்ந்து வந்தார். "ஏய், யாருகிட்டப் பேசுற? வாய மூடு." ஆபீசர் கையமர்த்தினார். பெரிய மனசு. அப்புறம் என் அப்பாவைக் கூப்பிட்டு மெதுவாக ஒன்று கேட்டார். அந்தக் கல் எங்கிருந்து வந்தது?

அப்பா பொய் சொல்லத் தெரியாதவர். கோவிலிலிருந்து என்றார்.

"கோவில் கல்ல எடுத்தது குத்தம்னு தெரியுமா?"

அவ்வளவுதான். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆபீசர் மேல் பாதி, அப்பா மேல் பாதி. நூறு வருஷமாக முள்ளுக்குள் கிடந்த கல். கோவிலுக்குள் நாங்கள் போகக்கூடாது, அது இடிந்து கிடந்தாலும் போகக்கூடாது. வெளியே விழுந்ததைத்தான் எடுத்தோம். விழுந்து கிடந்தபோது யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நாங்கள் தூக்கி நிறுத்தின பிறகு குற்றமாகிவிட்டது.

ஒரு காகிதம் எழுதினார்கள். அப்பா கட்டை விரலை மையில் தொட்டு வைத்தார். ஆபீசர் கூட வந்த குமாஸ்தா அதை மடிக்கிறதுக்கு முன்னால் நான் எட்டிப் பார்த்தேன். நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்தவள். எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். அதில் இப்படி இருந்தது: ஆற்று மேட்டில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய கல் ஒன்றை எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேட்பாரற்று. பெற்றவன் கைநாட்டை வாங்கிக்கொண்டு, அதற்கு மேலேயே, கேட்பார் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் அப்பாவிடம் படித்துச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வச்சுட்டேனேத்தா" என்றார்.

நாலு நாளில் கல்லை வண்டி வைத்து இடிந்த கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். எழுத்து தெரிகிற மாதிரி செங்குத்தாக நிறுத்தி, அடியில் சிமிட்டி போட்டு, சுற்றிக் கம்பி கட்டினார்கள். பக்கத்தில் ஒரு பலகை, இங்கிலீஷில். எங்கள் மேட்டில் இரண்டு குத்துக்கல் மட்டும் மிச்சம். நடுவில் ஒன்றும் இல்லை. கல்லை ஏற்ற வந்த வண்டி அதிலும் ஒன்றை இடித்துச் சாய்த்துவிட்டது.

ஆத்தா அந்தப் பாதையில் போவதை விட்டுவிட்டாள். சந்தைக்குச் சுற்றிக்கொண்டு போனாள், இரண்டு மைல் கூட. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் விடவில்லை. ஆபீசர் ஊருக்கு வருகிறபோதெல்லாம் போய் நின்றேன். ஒரு தடவை, "வேற கல்லாச்சும் போட்டுக் குடுங்க" என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். இன்னொரு தடவை, "காகிதத்துல எழுதினத மாத்துங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அது ஃபைலுக்குப் போயிடுச்சும்மா" என்றார். அம்பலக்காரர் என் அப்பாவைக் கூப்பிட்டு, மகளுக்குக் கல்யாணம் பண்ணி வை, புத்தி வரும் என்று சொல்லி அனுப்பினார்.

தை மாதத்தில் பெரிய விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு துரை, ஒரு துரைசாணி, கூட நாலைந்து பேர். புதுப் பாதையில் நடந்து எல்லாவற்றையும் பார்ப்பதற்கு. அவர்கள் நடப்பார்கள், சாமான் நடக்குமா? மடக்கு மேசை, மடக்கு நாற்காலி, தண்ணீர்ப் பானை, சாப்பாட்டுப் பெட்டி, பாட்டுப் பெட்டி. அதெல்லாம் எங்கள் தலையில். எங்கள் தெருவிலிருந்து எட்டுப் பேரை அம்பலக்காரர் அனுப்பச் சொன்னார். ஊழியம், கூலி கிடையாது. மாட்டேன் என்றால் நாங்கள் குடிக்க எடுக்கிற குளத்துத் தண்ணீர்த் துறையை மறித்துவிடுவார்கள். அப்பா, மதினி, நான், இன்னும் ஐந்து பேர் போனோம்.

தாழிப் பொட்டலில் நின்று படம் பிடித்தார்கள். கோவிலில் கல்லுக்கு முன்னால் ஆபீசர் நீளமாகப் பேசினார். நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே தலையில் சாமானோடு நின்றோம். மதினி என் காதில் சொன்னாள்: "அந்தக் கம்பிக்குள்ள ஒன் அக்கா நிக்கிறாடீ. செயில்ல போட்ட மாதிரி." சிரிக்கிறதுக்காகத்தான் சொன்னாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு ஆறு, மணல், மேடு. மேட்டில் ஏறினதும் அப்பா நின்றார். அவர்தான் முன்னால் போனவர். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர். சாய்ந்து கிடந்த குத்துக்கல்லைப் பார்த்தார். மேசையைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் போட்டார். பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. அந்த இடத்தில் எல்லாருக்கும் இறக்கித்தான் பழக்கம். எட்டுப் பேரும் இறக்கினோம்.

ஆபீசர் ஓடிவந்தார். "என்ன இது? இன்னும் பாறைக்குப் போகணும். தூக்குங்க தூக்குங்க."

அம்பலக்காரரும் கத்தினார். ஒருத்தரை ஒருத்தர் தூக்கிவிட்டார்கள். மேசை ஏறியது, நாற்காலிகள் ஏறின, பானை ஏறியது. ஏழு பேருக்கும் ஏறிவிட்டது. நான் கடைசி. எனக்குச் சாப்பாட்டுப் பெட்டி, தகரப் பெட்டி, கனம். தூக்கிவிட ஆளில்லை. தலையில் சுமை ஏறினவர்கள் குனிய முடியாது. இதைத்தான் முதலிலேயே சொன்னேன், படித்தவர்களுக்குத் தெரியாது என்று.

"எசமான், ஒரு கை குடுங்க" என்றேன்.

அவர் அம்பலக்காரரைப் பார்த்தார். அம்பலக்காரர் ஆற்றைப் பார்த்தார். இரண்டு பேருமே எங்களைத் தொடமாட்டார்கள். நான் ஒரு பக்கம் பிடித்திருக்கிற பெட்டியை மறுபக்கம் பிடிக்கவும் மாட்டார்கள்.

"இவங்கள்ல ஒருத்தன எறக்கச் சொல்லு."

"எறக்கலாம் எசமான். என்னையத் தூக்கிவிட்டதும் அந்த ஆளுக்கு யாரு தூக்கிவிடுறது? எட்டுப் பேருல எப்பவும் ஒரு ஆளு மிச்சம். இங்க ஒரு கல்லு இருந்துச்சு, அதான் அந்த ஒரு ஆளு. அத நீங்க கொண்டுபோயிட்டீங்க."

தலையில் தண்ணீர்ப் பானையோடு மதினி சொன்னாள்: "எம்புட்டு நேரம் நிக்கிறது? கழுத்து ஒடியுது. புடிங்க சாமி, ஒட்டிக்கிடாது."

"அந்தப் பெட்டி அங்கேயே கிடக்கட்டும்" என்றார் ஆபீசர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"சரிங்க. கேட்பாரற்றுக் கிடந்த பெட்டின்னு ஒரு காகிதம் எழுதிக் குடுத்துருங்க. நான் கையெழுத்தே போடுறேன்."

அவர் முகம் கறுத்தது. அதற்குள் முன்னால் போன துரை திரும்பி வந்துவிட்டார். என்ன என்று கேட்டிருப்பார். ஆபீசர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடக்கினார். விருந்தாளி தூக்கினால் இவர் மானம் என்ன ஆகும்? ஆபீசர் பாய்ந்து வந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் தூக்கினோம். என் தலைக்கு ஏறியதும் அவர் கையை வேட்டியில் துடைக்க நினைத்து, போட்டிருந்தது கால்சட்டை என்று ஞாபகம் வந்து, சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார்.

துரை நல்லவர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த எண்ணம் இல்லை. அவருக்குப் பசி, சாப்பாடு பெட்டியில் இருந்தது.

கல் திரும்ப வரவில்லை. ஆனால் அடுத்த விருந்தாளிகளுக்குச் சாமான் தூக்க எங்கள் தெருவில் யாரும் போகவில்லை. அப்பாவே முதலில் சொல்லிவிட்டார், "மேட்டுல எறக்க எடமில்ல, வரமாட்டோம்" என்று. தண்ணீர்த் துறையை மறித்தார்கள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தோம். பதினைந்து நாள். அதற்குப் பிறகுதான் ஆபீசருக்கு வழி தெரிந்தது. மேட்டில் ஒரு புதுச் சுமைதாங்கி போட உத்தரவு போட்டார். எங்களுக்காக இல்லை, அவர் சாமானுக்காக. அதை அவர் மறைக்கவும் இல்லை.

நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து கல் உடைக்கிறவர் ஒருத்தர் வந்தார். புதுக் கல், பளிச்சென்று வெள்ளையாக. ஆபீசர் அனுப்பின மேஸ்திரி ஆறடி உயரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்று விறகோடு வந்தேன். கல்காரர் குழியில் நின்றுகொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தக் கல்லு யாருக்கு? ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"வெறகு தூக்குறது பூராம் பொம்பளைதான்."

"ஆறடியில வச்சா நீ ஏணி போட்டுத்தான் ஏத்தணும். எந்த மடையன் அளவு சொன்னான்? வா, வந்து இங்கிட்டு நில்லு."

கல் என் கழுத்து அளவுக்கு நிற்கிற மாதிரி குழியை ஆழப்படுத்தினார். கேட்க வேண்டியதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நான் வீட்டுக்கு ஓடி ஒரு சட்டி கம்மங்கூழ் கொண்டுவந்து கொடுத்தேன். கூடவே ஒரு கரித்துண்டும் கொண்டுவந்தேன்.

"அண்ணே, இதுல ஒரு பேரு கொத்தணும்."

"யாரு பேரு?"

சொன்னேன். எப்படிச் செத்தாள் என்றும் சொன்னேன். அவர் கூழைக் குடித்து முடித்தார். அப்புறம் வாயைத் துடைத்தார்.

"எனக்கு எழுத்து தெரியாது. நீ எழுது. நான் எழுதின மேலயே கொத்துறேன். தப்பா எழுதினாத் தப்பாத்தான் வரும், சொல்லிப்புட்டேன்."

கரியால் எழுதினேன். பேர், அதற்குக் கீழே இன்னார் மகள், இந்தக் கல் அவளுக்கு. மூன்று வரி. எழுத்து கோணலாகத்தான் இருந்தது. கல்காரர் சிற்றுளி வைத்துப் பொழுது சாய்கிற வரைக்கும் கொத்தினார். மறுநாள் காலையில் ஆத்தாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துச் சொன்னேன். "இது அவ பேரா? இம்புட்டுத்தானா?" என்றாள். அப்புறம், "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்றிலிருந்து பழையபடி ஆற்றுப் பாதையில் நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கழித்து ஆபீசர் வந்தார். நான் கல்லில் விறகைச் சாய்த்துவிட்டுச் சும்மாட்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கல்லில் எழுத்து என்றால் கண் தானாகப் போகும். போயிற்று.

"சர்க்கார் செலவுல போட்ட கல்லு இது. யாரு இதுல எழுதினது?"

"நாந்தான் எசமான். எழுத்து இருக்கான்னு நீங்கதான கேட்டீங்க? இருக்கு. படிங்க."

சண்டைக்கு வருவார் என்று நினைத்து நின்றேன். வரவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஆயிரம் வருஷத்து எழுத்தைப் படிக்கிற மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு, என் அக்கா பேரைப் படித்தார். அவர் மாதிரி ஆள் வாயிலிருந்து அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு இளகவில்லை. எங்கள் பழைய கல் கம்பிக்குள்தான் நிற்கிறது, காகிதம் ஃபைலில்தான் இருக்கிறது.

படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "தேதி போடலையே."

"செத்த தேதி எங்க ஆத்தாவுக்குத் தெரியும். வீடு அங்கிட்டுத்தான் இருக்கு. போய்க் கேளுங்க."

அவர் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தார். நான் குனிந்து தலையைக் கொடுத்துக் கட்டை எடுத்துக்கொண்டேன். சந்தைக்கு நேரமாகிவிட்டது.